உடைவதற்கு முன் போட வேண்டிய கிளாம்ப்

ஸ்னோமொபில் என்னும் பனிவண்டியின் சுழல்தண்டு கடுங்குளிரினால்தான் உடைகிறது என்றொரு நம்பிக்கை மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. படித்தவர்களும் இதற்கு விலக்கல்லர். குளிரில் இரும்பு நொறுங்கும் தன்மை அடைகிறது என்று அவர்கள் விளக்கம் வேறு சொல்வார்கள். இந்த நம்பிக்கை முற்றிலும் பிழையானது, உடனடியாகக் கைவிடத்தக்கது. கனடாவின் வட ஒன்ராறியோவில், ஓர் ஏரிக்கரை ஊரில், ஒரே பனிக்காலத்தில், ஒரே வண்டியில் மூன்று தண்டுகள் உடைந்தன. அவற்றில் ஒன்றுகூடக் குளிரினால் உடையவில்லை. மூன்றும் பாதுகாப்பினால் உடைந்தன.

அந்த ஊரில் மர ஆலைக்குப் பின்னால் இருந்த மஞ்சள் வீட்டில் நான்கு பேர் குடியிருந்தார்கள். நால்வரும் யாழ்ப்பாணத்து மொட்டைப்புளியடியைச் சேர்ந்தவர்கள். நால்வருக்கும் அந்த ஆலையில்தான் வேலை. மொட்டைப்புளியடியார் சொன்னதைக் கேளாதவர்கள் என்று அயல் கிராமங்களில் ஒரு பேச்சு உண்டு. அதுவும் பிழை. சொன்னதைச் சொன்னபடியே கேட்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. வருந்தியவர்கள் எல்லாம் சொன்னவர்கள்தாம்.

நான்கு பேர் ஒரு வீட்டில் இருந்தால் சங்கம் ஒன்று இல்லாமல் முடியாது. ஆகவே 'மொட்டைப்புளியடி மக்கள் ஒன்றியம், பனிநாட்டுக் கிளை' அந்த வீட்டுச் சமையலறையான குசினியில் இயங்கி வந்தது. நல்லைநாதன் வயதில் மூத்தவர் என்பதால் தலைவர். கோணேசன் கண்ணாடி போட்டவன் என்பதால் செயலாளர். துரைரத்தினம் ஆலையிலேயே பெரிய மரக்குற்றியைத் தனியாகப் புரட்டக்கூடியவன் என்பதால் பொருளாளர். எஞ்சியிருந்த பரநிருபசிங்கத்துக்குக் கொடுக்கப் பதவி எதுவும் மிச்சமில்லை. ஆகவே ஒன்றியத்தின் பெயரில் வரும் மக்கள் என்பது அவன்தான்.

வண்டி, பரம் என்று எல்லாரும் கூப்பிடும் பரநிருபசிங்கத்துடையது. அந்தப் பனிக்காலத்துக் கவலையும் அவனுடையதுதான்.

ஏரியின் எதிர்க்கரையில் மயில்வாகனத்தார் இருந்தார். மீன் பிடிக்க வருபவர்களுக்குக் குடில் வாடகைக்கு விடுவதும் தூண்டிற் புழு விற்பதும் அவர் தொழில். அவருடைய மகள் கார்த்தியாயினியைப் பரம் முதல்நாள் பார்த்தது அந்தப் புழுக்கடையில்தான். அன்றிலிருந்து அந்தப் பனிக்காலம் வரை அவன் வாங்கிய புழுக்களுக்குக் கணக்கில்லை. அவனிடம் தூண்டில் கிடையாது என்பதைக் கார்த்தியாயினி வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்த பிறகும் அவள் விற்றுக்கொண்டுதான் இருந்தாள்.

விஷயம் தகப்பனார் காதுக்குப் போனபோது அவர் கோபிக்கவில்லை. ஒரேயொரு நிபந்தனைதான் விதித்தார். நடு ஏரியில் வண்டி உடைந்து நின்ற பெடியன்மாரைக் கட்டியிழுத்துக் கரை சேர்த்தே அவருடைய இடுப்புப் போயிருந்தது. கடைசியாக இழுத்து வந்தவன், மகளுக்கு முன்பு பேசி வந்த வேறொரு மாப்பிள்ளை. ஆகவே தொலைபேசியில் பரத்திடம் நேராகவே சொன்னார்.

"தம்பி, வாற ஞாயிறு நல்லநேரம் மத்தியானத்தோடை முடியுது. அதுக்குள்ளை உம்மடை வண்டியிலை வந்து என்ரை வாசல்லை இறங்கும். கதைப்பம். ஏரியிலை வண்டி உடைஞ்சு நிக்கிறவனுக்கு நான் பிள்ளை குடுக்க மாட்டன்."

பரம் அன்றைக்கே மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு கராஜ்கார அருளப்புவிடம் போனான். அருளப்பு பாசையூர் ஆள். பொறுமைசாலி, அதாவது அந்த வாரம் வரைக்கும் பொறுமைசாலி. எஞ்சினின் வலுவைக் கீழே சுழலும் ரப்பர்ப் பட்டிக்குக் கொண்டுபோவது இந்தத் தண்டுதான் என்றும், இது உள்ளே வெற்றிடமான கோறைக் குழாய் என்றும், பல்லுச்சக்கரம் ஒட்டியிருக்கும் இடத்தில்தான் இது பலவீனம் என்றும் அவர் தொட்டுக் காட்டி விளக்கினார். பிறகு மேசை லாச்சியிலிருந்து இரண்டு கிளாம்ப்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொன்றும் இரண்டு அரைவட்ட இரும்பு. தண்டைச் சுற்றிக் கவ்வவைத்து இரண்டு போல்ட்டால் இறுக்க வேண்டியது.

"இது போட்டால் தண்டு அசையாது. ஆனால் ஒண்டு," என்றார் அருளப்பு. "உடையிறதுக்கு முதல் போட வேணும். உடைஞ்சாப் பிறகு போட்டுப் பிரயோசனம் இல்லை."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அன்று மாலை குசினியில் ஒன்றியம் கூடியது. கிளாம்ப்கள் மேசை நடுவில் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கிடையே இருந்தன. பரம் ஸ்பானரை எடுத்துக்கொண்டு எழுந்தபோது செயலாளர் கோணேசன் கையை உயர்த்தித் தடுத்தான்.

"உடையிறதுக்கு முதல் எண்டு சொன்னவர். எவ்வளவு முதல் எண்டு சொல்லேல்லை."

"இப்பவே போட்டால் என்ன?" என்றான் பரம்.

"மழைக்கு முதல் குடை விரிக்கிறது சரி," என்றார் நல்லைநாதன். "அதுக்காகக் கோடையிலை விரிச்சுக்கொண்டு திரியிறமே?"

"அதோடை இன்னொண்டு," என்று கோணேசன் கண்ணாடியைத் துடைத்தான். "இப்ப போடுறாய். பிறகு தண்டு உடையாமலே இருந்திட்டுது எண்டு வை. அப்ப நாங்கள் எதுக்கு முதல் போட்டனாங்கள்?"

பரம் ஸ்பானரைக் கீழே வைத்தான். இப்படிக் கேட்டால் வேறு எவரும் அதைத்தான் செய்வார். துரைரத்தினம் மட்டும் மெதுவாகக் கேட்டான்: தண்டு எப்போது உடையும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நல்லைநாதன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, ஒருமுறை உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். தீர்மானம் முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, மக்களின் முணுமுணுப்போடு நிறைவேறியது.

மறுநாள் வேலை முடிந்ததும் நான்கு பேரும் ஒரே வண்டியில் ஏறினார்கள். இரண்டு பேருக்காகச் செய்த வண்டி அது. துரையை இரண்டு பேராகக் கணக்கிடுவதே முறை. போதாதென்று ஒரு மூட்டை அரிசியையும் ஏற்றிக்கொண்டு கரையோரமாக மேலும் கீழும் ஓட்டினார்கள். கோணேசன் பின்னால் திரும்பி உட்கார்ந்து, மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கரையில் தனியாக நின்ற பைன் மரத்தடிக்கு வந்தபோது வண்டியின் வயிற்றுக்குள் கரும்பை முறித்தது போல ஒரு சத்தம் கேட்டது. பட்டி நின்றது. அரிசி மூட்டை தொடர்ந்து போனது.

"உடைஞ்சிட்டுது," என்றார் நல்லைநாதன் மகிழ்ச்சியோடு, பரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி. "இனிப் பயமில்லை. எப்ப எண்டு தெரிஞ்சு போச்சு."

அருளப்பு தலையில் கை வைத்தார். ஆனாலும் பின்வளவில் கிடந்த பழைய வண்டி ஒன்றிலிருந்து தண்டைக் கழற்றிப் பூட்டிக் கொடுத்தார். கிளாம்பைத் தானே போட்டுவிடுகிறேன் என்றும் சொன்னார். கிளாம்ப்கள் வீட்டில் குசினி மேசையில் இருக்கின்றன, இந்த முறை எல்லாம் தெரியும், நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று நல்லைநாதன் கௌரவமாக மறுத்துவிட்டார்.

அடுத்த கூட்டம் பைன் மரத்தடியிலேயே நடந்தது. நின்றபடிதான், உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் குளிர். பல்லுச்சக்கரத்துப் பக்கத்தில்தான் பலவீனம் என்று அருளப்பு சொன்னதைப் பரம் நினைவூட்டினான். கோணேசன் அவனைக் கருணையோடு பார்த்தான்.

"பல்லுச்சக்கரம் வீட்டு வாசல்லையும் இருந்தது. ஆலையடியிலையும் இருந்தது. கரை நெடுகவும் எங்களோடை வந்தது. அங்கை எல்லாம் உடைஞ்சதோ?"

"இல்லை," என்று பரம் ஒப்புக்கொண்டான்.

"இந்த மரத்தடிக்கு வந்தாப் பிறகுதானே உடைஞ்சது. அப்ப பலவீனம் தண்டிலையோ, இங்கையோ?"

துரை மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆளைப் பார்க்கப் பலவீனமாய்த் தெரியேல்லை," என்றான்.

"உள்ளுக்குள்ளை இருக்கும்," என்றார் நல்லைநாதன்.

கிளாம்ப் அடிமரத்துக்குப் போதவில்லை. அது தண்டின் அளவுக்குச் செய்தது. தேடிப் பார்த்ததில், கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கிளை கச்சிதமாக அமைந்தது. துரை பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு போல்ட்டையும் இறுக்கினான். மற்றக் கிளாம்பைத் தேவைக்காகக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். பிறகு பரம் வண்டியை எடுத்து, நெஞ்சு அடிக்க அடிக்க, மரத்தடியைக் கடந்தான். தண்டு உடையவில்லை. திரும்பி வந்தான். அப்போதும் உடையவில்லை. நல்லைநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உற்சாகம் தாங்காமல் நால்வரும் மறுபடி ஏறி, மரத்தடியைக் கடந்து, படகுத்துறை வரை போனார்கள். படகுத்துறையில் உடைந்தது.

பரம் பனியில் குந்தியிருந்துவிட்டான். ஞாயிறு இதோ வருகிறது. எதிர்க்கரையில் மயில்வாகனத்தாரின் புகைக்கூண்டு தெரிந்தது. அவருக்கும் இங்கே நிற்பது தெரியுமோ என்று ஒரு பயம். கோணேசன் பக்கத்தில் வந்து ஆறுதல் சொன்னான்.

"மரத்தடியிலை உடைஞ்சதோ?"

"இல்லை."

"அப்ப கிளாம்ப் வேலை செய்யுது மச்சான். நீ ஏன் முகத்தைத் தொங்கப்போடுறாய்?"

ஏரியின் நெடுகிலும் எத்தனை இடத்துக்குக் கிளாம்ப் தேவைப்படும் என்று விசாரிக்க நல்லைநாதன் அருளப்புவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்த உரையாடலில் அருளப்பு பேசியதை முழுவதும் இங்கே எழுத முடியாது. அவர் ஞாயிறுதோறும் தேவாலயத்துப் பூசைக்குப் போகிறவர். முடிவில், இன்னொரு தண்டு கொடுத்தனுப்புவதாகவும், தான் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, தான் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும் என்றும் கட்டளையிட்டார். மொட்டைப்புளியடியாரிடம் இதைவிட ஆபத்தான வார்த்தை இல்லை.

தண்டு வந்தது. வீட்டுக் கராஜில் வண்டியைச் சரித்து வைத்தார்கள். தொலைபேசியை எல்லாருக்கும் கேட்கும்படி ஜன்னற் கட்டையில் நிறுத்தினார்கள். அருளப்பு சொன்னபடியே தண்டைப் பூட்டினார்கள். அவர் சொன்னபடியே, துரையின் பையிலிருந்த கிளாம்பைப் பல்லுச்சக்கரத்துப் பக்கத்தில் கவ்வவைத்தார்கள். எல்லாம் திறமாக நடந்தது. பரத்துக்கு மூச்சு வந்தது.

"இனிப் போல்ட்டை இறுக்கு," என்றது தொலைபேசி. "நான் நிப்பாட்டச் சொல்லுமட்டும் இறுக்கு."

துரை இறுக்கினான். அந்த நேரம் பார்த்து அருளப்புவின் தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோனது.

"நிப்பாட்டவோ அண்ணை?" என்று சற்றுநேரம் கழித்துத் துரை கேட்டான். பதில் வரவில்லை.

"ஆள் கவனிச்சுக்கொண்டு இருக்கிறார்," என்றார் நல்லைநாதன். "குழப்பாமல் இறுக்கு."

துரை மேலும் இறுக்கினான். ஸ்பானர் நகர மறுத்தபோது, அதன் பிடியில் ஒரு நீளமான இரும்புக் குழாயைச் செருகிக்கொண்டு இறுக்கினான். துரை களைத்தபோது கோணேசன் இறுக்கினான். கோணேசனின் கண்ணாடியில் மூச்சுப்பட்டுப் புகார் படிந்து கண் மறைத்தபோது தலைவரே கோட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார். இவ்வளவு காணாதோ, போதாதோ என்று பரம் இடையில் கேட்டுப் பார்த்தான். காணும் என்று சொல்வதற்கு நாங்கள் யார் என்று கோணேசன் திருப்பிக் கேட்டான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பிறகு பரத்தின் முறை வந்தது. அவனும் இறுக்கினான். சொந்த வண்டி என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே இறுக்கினான். கோறைக் குழாய்த் தண்டு முதலில் சப்பளிந்து தட்டையானது; பிறகு மடங்கியது; பிறகு ஒரு பெருமூச்சோடு இரண்டாகப் பிரிந்தது.

சரியாக அப்போது தொலைபேசி அடித்தது.

"மன்னியுங்கோ, சார்ஜ் முடிஞ்சு போச்சு," என்றார் அருளப்பு. "அது காணும், நிப்பாட்டுங்கோ."

நிப்பாட்டினார்கள்.

அவர் நேரிலேயே வந்தார். வரும்போது ஒரு தண்டும் புதுக் கிளாம்ப் ஒன்றும் கொண்டுவந்தார். எவரையும் கிட்ட வரவிடவில்லை. தண்டைப் பூட்டி, உடைந்த தண்டிலிருந்த கிளாம்பைக் கழற்றி ஒரு பக்கமும் புதியதை மறுபக்கமும் போட்டு, அளவாக இறுக்கி, மூடியைப் பூட்டினார். முதலில் கொடுத்த மற்றக் கிளாம்ப் எங்கே என்று கேட்டார். அது வேலையில் இருக்கிறது என்றார் நல்லைநாதன். அருளப்பு மேற்கொண்டு கேட்கவில்லை.

"இது இனி உடையாது," என்று பரத்திடம் மட்டும் சொன்னார். "ஆனால் இதுதான் கடைசித் தண்டு. இதையும் முறிச்சுப்போட்டு என்னட்டை வரவேண்டாம்."

மறுநாள் சனிக்கிழமை. கார்த்தியாயினி தொலைபேசி எடுத்தாள். கடந்த சில நாட்களாக மறுகரையில் நாலு பேர் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைத் தான் குழாய்க்கண்ணாடியால் பார்த்ததாகச் சொன்னாள். பரம் விளக்கத் தொடங்கினான். அவள் இடைமறித்தாள்.

"அப்பா சொல்றது கிடக்கட்டும். வண்டி ஓடாட்டி நடந்து வாங்கோ. வந்து சேர்ந்தால் காணும்."

பரம் அன்றிரவுச் சாப்பாட்டின்போது இதை ஒன்றியத்தின் முன் வைத்தான். உண்மையாகவே சிக்கலான நிலைமை. தகப்பன் வண்டியில் வந்து இறங்கச் சொல்கிறார். மகள் நடந்து வரச் சொல்கிறாள். அருளப்பு தண்டை முறிக்க வேண்டாம் என்கிறார். மூன்று பேரும் மதிப்புக்குரியவர்கள். ஒருவர் சொன்னதையும் தட்ட முடியாது.

கோணேசன் எழுந்து சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். பிறகு, தண்டுகள் உடைந்த வரலாற்றை எடுத்து ஆராய்ந்தான். மரத்தடியில் உடைந்தது எப்போது? சுழன்றபோது. படகுத்துறையில்? சுழன்றபோது. கராஜில் உடைந்தது சுழலாமல்தானே என்று துரை குறுக்கிட்டான். அங்கே ஸ்பானர் சுழன்றது என்று கோணேசன் பதில் சொன்னான். ஆக, சுழற்சிதான் நோய். சுழலாத தண்டு உடைந்ததாக உலகத்தில் எங்கும் செய்தி இல்லை.

"அப்ப எஞ்சினை எழுப்பாமல் வண்டியிலை போறது எப்பிடி?" என்றான் பரம்.

தலைவர் நல்லைநாதன் எழுந்து நின்றார்.

"எங்கடை அம்மன்ரை தேர் எஞ்சினிலையோ வெளிவீதி சுத்திறது?"

 விஷயம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மாப்பிள்ளை வண்டியில் இருப்பான். தகப்பன் சொன்னது நிறைவேறும். மூன்று பேர் வண்டியைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு நடப்பார்கள். மகள் சொன்னது நிறைவேறும். தண்டு சுழலாது, அருளப்பு சொன்னது நிறைவேறும். கூட்டத்தில் இப்படி மூன்று பக்கமும் பொருந்திய தீர்மானம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஞாயிறு காலை வெயில் எறித்தது. குளிர் மட்டும் குறையவில்லை. பரம் பனிக் காற்சட்டைக்கு மேலே பட்டுவேட்டி கட்டி, திருநீறு பூசி, மடியில் பழத் தட்டத்தோடு வண்டியில் அமர்ந்தான். நல்ல காரியத்துக்குப் புறப்படும் வண்டியின் சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசிக்க வேண்டும். இந்த வண்டிக்குச் சில்லு இல்லை. முன்னால் இருக்கும் இரண்டு சறுக்குக் கட்டைக்கும் அடியில் வைக்கலாம் என்று முடிவானது. ஆனால் எலுமிச்சம்பழங்கள் இரவு முழுவதும் வாசலில் இருந்து கல்லாகியிருந்தன. மூவரும் இழுத்தார்கள். வண்டி பழங்களின் மேல் ஏறி நின்றுகொண்டது, பழம் நசியவில்லை. அதை இறக்குவதற்கே நல்லநேரத்தில் ஒரு நல்ல பங்கு போனது.

நல்லைநாதன் கயிற்றின் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் கோணேசன், அவனுக்குப் பின்னால் துரை.

"ஒண்டு சொல்லுறன்," என்றார் தலைவர். "என்ன வந்தாலும் கயித்தை விடக் கூடாது. எங்கடை தேரிலை ஆரும் கயித்தை விட்டதுண்டோ?"

அரோகரா என்று குரல் எழுப்பி இழுத்தார்கள். தொடக்கத்தில் நன்றாகவே போனது. பைன் மரத்தடியைக் கடந்தபோது நால்வரும் கிளாம்புக்குத் தலை வணங்கினார்கள். படகுத்துறையைக் கடந்து உறைந்த ஏரிக்குள் இறங்கினார்கள். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஏதோ செத்த வீடு என்று நினைத்திருக்க வேண்டும்.

நடு ஏரியில் அரோகரா நின்றுபோனது. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. துரையின் மீசையில் பனி கட்டியிருந்தது. கோணேசன் கையுறையை விலக்கி மணிக்கூட்டைப் பார்த்தான், பிறகு ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டான். அவன் ஒன்றும் சொல்லாமல் விட்டதைப் பரம் கண்டது அதுதான் முதல் தடவை. அதனால் நல்லநேரம் முடியப் போகிறது என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

எதிர்க்கரையில் சிவப்புக் கோட்டுப் போட்ட ஓர் உருவம் வாசலில் வந்து நிற்பதைக் கண்டான். பக்கத்தில் இன்னோர் உருவம், இடுப்பில் கை வைத்தபடி. நடு ஏரியில் அசையாமல் நிற்கும் வண்டிகளை மயில்வாகனத்தார் எப்படிப் பார்ப்பார் என்று பரத்துக்குத் தெரியும். இதோ, இப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு தன் வண்டிச் சாவியைத் தேடப் போகிறார். தேடி, வந்து, கட்டியிழுத்துக் கரை சேர்த்து, தேத்தண்ணி கொடுத்து, போய்வாரும் தம்பி என்பார்.

பரம் தட்டத்தை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். எல்லார் சொன்னதையும் ஒருமுறை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தான். தகப்பன் சொன்னது கேட்டாயிற்று. மகள் சொன்னது கேட்டாயிற்று. தண்டை முறிக்க வேண்டாம் என்று அருளப்பு சொன்னதும் கேட்டாயிற்று. அப்போதுதான் நினைவு வந்தது. அதற்கு முன்னால் அருளப்பு இன்னொன்றும் சொன்னார். இது இனி உடையாது என்றார். அதை மட்டும் இன்னும் எவரும் கேட்கவில்லை. ஒரு பெரிய மனிதர் சொன்னதைக் கேளாமல் விடுவது மரியாதையல்ல.

பரம் சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் எழும்பியது. பட்டி பனியைக் கவ்வியது. வண்டி துரையைக் கடந்தது, கோணேசனைக் கடந்தது, தலைவரையும் கடந்தது. மூவரும் தங்கள் மாப்பிள்ளை பக்கவாட்டில் போவதை மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். வண்டியோடு சேர்ந்து கயிறும் போய்க்கொண்டிருந்தது. பிறகு கயிறு முடிந்தது.

கயிற்றை விடலாமா என்ற கேள்வி அவர்களுக்கு எழவேயில்லை. என்ன வந்தாலும் என்று சொல்லியாகிவிட்டது. மூவரும் குப்புற விழுந்து, வரிசை கலையாமல், முன்னே பொருளாளர், அடுத்துச் செயலாளர், கயிற்றின் தலைப்பில் தலைவர் என்று வயிற்றால் சறுக்கிக்கொண்டு ஏரியைக் கடந்தார்கள். துரையின் வாயிலிருந்து அரோகரா மறுபடி புறப்பட்டது. இந்த முறை உண்மையான பக்தியோடு.

மயில்வாகனத்தாரின் வாசலில் வண்டி நின்றபோது நல்லநேரம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. பரம் தட்டத்தோடு இறங்கினான். ஒரு வாழைப்பழம்கூட விழவில்லை. எல்லாம் உறைந்து தட்டத்தோடு ஒட்டியிருந்தன. கார்த்தியாயினி சிவப்புக் கோட்டின் கழுத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

மயில்வாகனத்தார் அவனைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தார். கயிறு போன வழியே பார்வையை விட்டு, மூன்று வெள்ளைக் குவியல்களில் நிறுத்தினார்.

"ஆர் தம்பி இவையள்?"

கடைசிக் குவியலிலிருந்து நல்லைநாதன் தலையை நிமிர்த்தி, மூக்கிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, தலைவருக்குரிய கம்பீரத்தோடு பதில் சொன்னார்.

"நாங்கள்தான் இழுத்துக்கொண்டு வந்தனாங்கள்."

மயில்வாகனத்தார் இடுப்பைப் பிடித்தபடி குனிந்து வண்டிக்கடியில் எட்டிப் பார்த்தார். தண்டு முழுசாக இருந்தது. இரண்டு கிளாம்பும் பளபளத்தன. ஏரியில் உடைந்து நிற்காத ஒரு மாப்பிள்ளையை அவர் அன்றுதான் முதல்முறையாகக் கண்டார். மற்ற விஷயங்கள் எல்லாம் அவர் போட்ட நிபந்தனையில் இல்லை.

"உள்ளை வாங்கோ," என்றார். "தேத்தண்ணி ஆறப்போகுது." பிறகு திரும்பி, "கயித்தை விட்டுட்டு வாங்கோ," என்றார். மூவரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் யோசித்தார். வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று முடிவாகும்போது தேத்தண்ணி ஆறித்தான் இருந்தது.

கலியாணம் ஏரி உருகிய பிறகு, நகரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அருளப்புவும் மனைவியோடு வந்து, மணவறையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் இருந்தார். யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடிக்கு முடிச்சுப் போடுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அது தடித்த பொற்சங்கிலி. பின்னால் ஒரு சிறு திருகாணி இருக்கும். கெட்டிமேளம் முழங்க, பரம் கொடியைக் கார்த்தியாயினியின் கழுத்தில் போட்டு, திருகாணியைப் பொருத்தினான்.

"வடிவா இறுக்கிப் பூட்டுங்கோ," என்றார் ஐயர். சொல்லிவிட்டு அவர் அட்சதைத் தட்டத்தைத் தேடி மறுபக்கம் திரும்பிவிட்டார்.

பரம் இறுக்கினான். ஐயர் திரும்பிப் பார்க்கவில்லை. பரம் இறுக்கிக்கொண்டே இருந்தான். மேளகாரர் மூச்சுப் பிடித்து வாசித்தார்கள். சபையில் முன் வரிசையிலிருந்து துரைரத்தினம் எழுந்து, கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி மணவறையை நோக்கி வந்தான். தூரத்தில் அருளப்பு கண்ணை மூடிச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

கார்த்தியாயினி குனிந்த தலை நிமிராமல், பரத்துக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"காணும். நிப்பாட்டுங்கோ."

அவன் நிப்பாட்டினான். துரை ஸ்பானரைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

அதற்கடுத்த பனிக்காலத்தில் அந்த ஏரிக்கரையில் பெரும் புயல் ஒன்று வீசியது. படகுத்துறை போனது, ஆலையின் கூரையில் பாதி போனது, தனியாக நின்ற பைன் மரமும் வேரோடு சாய்ந்தது. கிளாம்ப் போட்ட கிளை மட்டும் உடையவில்லை.